பூந்தமல்லியில் ஒரு டப்பா சளி

காலை 6.10. பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினேன். ஆவடிக்கு ஐந்து ரூபாய். நாலு நாள் ஒரே அறையில் இருந்தால் என் கால்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிடும். எங்காவது போயாக வேண்டும். இந்த முறை கூப்பிட்டவர் செல்வி. காசநோய் வந்து குணமானவர். இப்போது இருமல் கேட்கும் வீடுகளைத் தேடிப்போய் அந்த நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்.

6.50. ஆவடியில் காத்திருந்த செல்வியோடு பூந்தமல்லி பேருந்து. எனக்குப் பத்து ரூபாய், செல்விக்கு இலவசம். பருத்திப்பட்டு ஏரி ஜன்னலுக்கு ஜன்னல் தாவிக் கூடவே வந்து, ஒரு வளைவில் நின்றுகொண்டது.

“மெத்தக் கடை வச்சிகீறாரு ஒருத்தரு. மூணு வாரமா இருமல், ஆளே எளச்சிட்டாரு. போன வாரம் சளி டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. எனக்கு மனசு ஒப்பல சார். ஊட்ல இருபது நாள் கொழந்த கீது.”

நேற்று மாலை செல்வி அவருக்கு மறுபடியும் ஒரு டப்பா கொடுத்து, விடிந்ததும் சளி எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார்.

7.40. சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. கடைக்காரரை யூசுப் என்று வைத்துக்கொள்வோம். டப்பாவைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். செல்வி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

“இன்னா பாய் இது, பன்னீரா?”

“டாக்டர் பாக்குறதாச்சேக்கா. பல்லு வெளக்கி, வாய கொப்புளிச்சி, சுத்தமா குட்த்துகீறேன்.”

“போன வாரமும் இதே கூத்துதான்,” உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல். “ரெண்டு தபா பேஸ்ட்டு!”

செல்விக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. “இது வெறும் எச்சி பாய். கிருமி இருந்தா அது நெஞ்சுல கீது. அடியிலேர்ந்து இருமி எடுக்கணும்.”

“பஞ்சுத் தூசிதான்க்கா.”

“தூசின்னா சந்தோஷம். கொழந்தைய எப்போ தூக்குனீங்க?”

யூசுப் கதவைப் பார்த்தார். “பத்து நாளாச்சி. கடையிலயே படுத்துக்கிறேன்.”

காற்றோட்டத்துக்காக மொட்டைமாடிக்குப் போனோம். செல்வி பையிலிருந்து புது டப்பா எடுத்துக் கொடுத்தார். மூச்சை இழுத்து, நிறுத்தி, இருமிக் காட்டினார். தள்ளி நின்று யூசுப்பும் இருமினார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர், “இன்னா மாமே, போட்டியா?” என்றார்.

நாலாவது முறை வந்தது. மஞ்சளாக, கெட்டியாக. யூசுப் மூடியைத் திருகி, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். “அசிங்கமா கீதுக்கா.”

“இப்போதான் சூப்பரா கீது பாய்.” செல்வி கை நீட்டி வாங்கினார். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

8.50. அரசு மருத்துவமனையில் டப்பாவைக் கொடுத்தோம். முடிவு தெரியாமல் திரும்ப எனக்கு மனமில்லை. செல்வியோடு இன்னும் ஆறு வீடுகள் ஏறி இறங்கினேன்.

பகல் 12.20. தேநீர்க் கடையில் செல்வியின் போன் அடித்தது. கிருமி இருக்கிறது. கெட்ட செய்தி கேட்டு ஒருவர் முகம் தெளிவதை அன்றுதான் பார்த்தேன். உடனே யூசுப்பை அழைத்தார். மாத்திரை இன்றைக்கே இலவசமாகக் கிடைக்கும், முகக்கவசம் போடவேண்டும், மனைவிக்கும் குழந்தைக்கும் பரிசோதனை. எல்லாவற்றுக்கும் “செரிக்கா” வந்தது. கடைசியில் ஒரே கேள்வி: “எப்போ தூக்கலாம்?”

“ஒழுங்கா மாத்திர போடு பாய். டாக்டரக் கேட்டு நாள நானே சொல்றேன்.”

எங்கள் குடியிருப்பில் யாராவது இருமினால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். டப்பாவோடு வந்து நிற்க ஒரு செல்வி கிடையாது. ஆவடி பேருந்தில் ஏறும்போது நன்றி சொன்னேன்.

“எனக்கு இன்னாத்துக்கு சார்? வெக்கத்த உட்டுட்டு இருமுனாரே, அவருக்குச் சொல்லுங்க.”

சொல்கிறேன், இங்கேயே.