மற்றும் என்று ஒரு பேனர்

1. மெஷின் நிற்கவில்லை

சாப்பிட்டுவிட்டுக் கடைக்குள் வந்தால் தரையெல்லாம் பேனர். அடிக்க வேண்டியது ஒன்றுதான். மெஷின் பதினேழாவதை முடித்துக்கொண்டிருந்தது.

செஞ்சியில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் வேலை செய்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். வெப்சைட்டுக்கு புரோகிராம் எழுதும் பிஎச்பி எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான். வீட்டிலிருந்தே ஆர்டர் தர ஒரு வெப் பாரம் செய்தேன். அதில் எழுதுவதை நான் எழுதிய புரோகிராம், ஸ்கிரிப்ட் என்போம், ஒரு பைலில் சேர்க்கும். ஒரு வரி, ஒரு ஆர்டர். மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டர் வரிவரியாக எடுத்து, பூ பார்டரும் கும்பிடும் கையும் வைத்து அடிக்க அனுப்பிவிடும்.

கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்புகிறவள் நான். பாரத்தை முப்பது தடவை சோதித்தேன். முப்பது தடவையும் 'செல்வி, செஞ்சி' என்று ஒரே வரி. என்டர் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

வல்லம் கோவிந்தன் மகளுக்கு மறுநாள் காதணி விழா. பத்திரிகையில் இருப்பதுபோலவே பேருக்கு ஒரு என்டர் தட்டி அனுப்பியிருந்தார். 'காதணி விழா' என்று மெஷினில் இறங்குவதைப் பார்த்தேன். பேரெல்லாம் பின்னால் வரும் என்று சாப்பிடப் போனேன். பின்னால்தான் வந்தது, ஆளுக்கு ஒரு பேனராக.

2. ஆளுக்கு ஒண்ணு

முதலாளி அருள்தாஸ் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா செல்வி இது?"

"என்டருண்ணா. அவரு தட்டுன ஒவ்வொண்ணையும் நம்ம ஸ்கிரிப்டு புது ஆர்டர்னு எடுத்துக்கிச்சி."

"ரோல் எவ்ளோ இருக்குது?"

"முடிஞ்சிடுச்சி."

புது ரோல் வர இரண்டு நாளாகும். வேலை போயிற்று என்று முடிவுசெய்து, டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கோவிந்தன் வந்தார். பேனர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"யார் பேரு மேல வரணும்னு எம் மச்சானுங்க மூணு பேரும் ஒரு வாரமா மூஞ்சத் தூக்கினு இருக்கறானுங்க. இப்ப ஆளுக்கு ஒண்ணு. எவன் வாயத் தொறப்பான்?" என்றவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "இது இன்னாமா, மற்றும்?"

"அது... மற்றும்தாங்க."

"வெறும் கை மட்டும் இருக்குது?"

"அது நீங்க சும்மா என்டர் தட்டுனது."

"கும்புடுது இல்ல, குடு. பந்தில கட்டிக்கலாம்."

டிபன் பாக்ஸைத் திரும்ப வெளியே எடுத்து வைத்தேன்.

3. பெரியப்பா

மறுநாள் போனில் ஒரு போட்டோ வந்தது. 'மற்றும்' பேனருக்குக் கீழே வேட்டி மடிப்புக் கலையாமல் ஒரு பெரியவர். பின்னாலேயே கோவிந்தன் பேசினார்.

"எங்க பெரிப்பாமா. அவர் பேர வுட்டுட்டேன். எம் பேரு எங்கடான்னு கேட்டாரு. அதோ உனக்குத் தனியா கட்டியிருக்குது பாருன்னேன். நேராப் போயி நின்னுக்கினாரு."

அதற்குள் ஸ்கிரிப்டைத் திருத்தியிருந்தேன். வாசகத்தில் உள்ள வரிமுறிவுகளைச் சேமிக்கும் முன் ஒரு குறியாக மாற்றி, அடிக்கும்போது திரும்ப வரியாக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வாரமே அவலூர்பேட்டையிலிருந்து ஒருவர் அதேபோல ஆளுக்கு ஒன்று கேட்டார்.

"பழைய ஸ்கிரிப்ட அழிச்சிட்டியா?" என்று அண்ணன் பதறினார். நானா அழிப்பேன்? மூன்று இடத்தில் காப்பி வைத்திருந்தேன். இப்போது பாரத்தில் 'வரிக்கு ஒரு பேனர்' என்று ஒரு டிக் இருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பாரத்தை நீங்களே சோதிக்காதீர்கள். வீட்டில் விசேஷம் வைத்திருக்கிறவரிடம் கொடுங்கள். 'மற்றும்' என்று ஒரு வரி தனியாக வந்தால் அதை அழித்துவிடாதீர்கள். யாரையாவது விட்டிருப்பார்கள்.