செல்வி அக்கா நட்ட காகிதப்பூ

ஈப்போவில் நான் போகும் பல் கிளினிக் வாசலில் ஒரு காகிதப்பூச் செடி இருக்கிறது. நேற்று ஊசி போட்டுக் கன்னம் மரத்துப்போய் வெளியே வந்தபோது அதில் சட்டை மாட்டிக்கொண்டது. கையில் முள் கீறியதே வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. பூகன்வில்லா என்று அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னால் சாதாரண நாளிலேயே என் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நேற்று கேட்கவே வேண்டாம்.

அந்த ரோஸ் நிறமெல்லாம் பூ இல்லை, இலைதானாம். நடுவில் குண்டூசித் தலை மாதிரி வெள்ளையாக இருப்பதுதான் பூ. இதை எனக்குச் சொன்னவள் என் கூடப்பிறந்த செல்வி அக்கா. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மானேஜர் பங்களாவில் வேலை பார்த்தபோது ஒரு குச்சியை ஒடித்து வந்து எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் நட்டாள். அது கூரைக்கே ஏறிவிட்டது. "சாமிக்கும் ஆவாது, வாசமும் இல்ல. எதுக்கு இது?" என்பார் அப்பா.

அக்கா ஒரு லாரி ஓட்டுநரோடு ஜொகூருக்குப் போய்விட்டாள் என்று தெரிந்த அன்று, அப்பா பாராங் கத்தியோடு செடியிடம் போனார். அம்மா குறுக்கே நின்றாள்.

"வெட்டாதீங்க. எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கு. அவ வந்தா அடையாளம் வேணாமா?"

"அவ வரமாட்டா லா."

ஆனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதன்பிறகு அக்கா பெயரை அவர் எடுக்கவில்லை. காற்றில் சரிந்த கிளைகளைக் கயிறு போட்டுக் கட்டியதும் அவர்தான்.

தோட்டத்தை விற்றார்கள். புல்டோசர் வந்த காலை அம்மா கையை நீட்டி, "துங்கு, துங்கு" என்று மலாயில் காத்திருக்கச் சொன்னாள். ஓட்டியவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு சிகரெட் பற்றவைத்தார். அம்மா குச்சிகளை வெட்டித் துண்டில் சுற்றினாள். கையெல்லாம் ரத்தம். நாங்கள் குடிபோன ஈப்போ அடுக்குமாடியின் நடைபாதையில், பெயிண்ட் வாளியில் நட்டாள். ஒன்றுதான் துளிர்த்தது. வெயில் போதாமல், கடைசிவரை பூக்காமல் பச்சையாகவே வளர்ந்தது.

அம்மா இறந்த மறுவருஷம், பழைய தோட்டத்து ஆட்களிடம் விசாரித்துக்கொண்டு அக்கா வந்தாள். தலை நரைத்திருந்தது. கதவைத் திறந்த அப்பா, "சாப்ட்டியா?" என்றார். அக்கா உடைந்து அழுதாள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

சாயங்காலம் அவளைச் செமோர் பக்கம் காரில் கூட்டிப்போனேன். மாடி வீடுகள், ஒரு பெட்ரோல் நிலையம்.

"இங்கயா தம்பி?"

"இங்கதான்னு நெனைக்கிறேன்க்கா."

லயம் இல்லை. ரப்பர் மரங்கள் இல்லை. கோயிலை வேறெங்கோ மாற்றியிருந்தார்கள். காரை எங்கே நிறுத்திக் காட்டுவது என்று தெரியாமல், மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தேன்.