இரண்டரை நிமிடப் பாட்டுக்கு முதலிடம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் பிழையாக எழுதிக் கொடுத்த ஒரு பட்டியலை நானேதான் திருத்த வேண்டும்.

தொண்ணூறுகளில் கனடாவுக்கு வந்த புதிதில், அஜின்கோர்ட் பகுதிக் கடைகளுக்கு வான் வண்டியில் பாண், அதாவது ரொட்டி, கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. அந்த வானின் ரேடியோ ஒரே நிலையத்தில் இறுகிப்போயிருந்தது. நாள் முழுவதும் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுத்தான். முதல் மாதம் தலையிடி. மூன்றாம் மாதம் நானும் கூடவே முணுமுணுத்தேன். பாட்டுகளின் பெயர்கள் தெரியாது. சேவல் பாட்டு, மழைக்குள் லொறி ஓட்டுகிறவனின் பாட்டு, ரயில் ஸ்டேஷனில் காத்து நிற்கிறவனின் பாட்டு என்று நானே பெயர் வைத்தேன். வேலை மாறியும் அந்தத் தொண்ணூறுகளின் பாட்டுகளை விடவில்லை.

போன வருடம் மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. வரவேற்பில் தகப்பனும் மகளும் ஒரு பாட்டுக்கு ஆட வேண்டுமாம். நாலு பேர் முன்னால் நன்றி சொல்லவே எனக்கு வியர்க்கும். மண்டபத்தில் முந்நூறு பேர்.

"அப்பா, உங்கட நைன்ரீஸ் கன்ட்ரி பாட்டில திறமான பத்தை வரிசையா எழுதித் தாங்கோ. முதலாவதுக்கு ஆடுவம்" என்றாள் மகள்.

இரண்டு நாள் யோசித்து எழுதிக் கொடுத்தேன். நான் ஒவ்வொன்றாக முணுமுணுக்க, அவள் ஃபோனில் தேடிக் கண்டுபிடித்தாள்.

"முதலாவதாப் போட்ட சேவல் பாட்டு ரெண்டரை நிமிசம்தானே அப்பா?"

"ஓம்."

"ரெண்டாவது ரெண்டே முக்கால். மூண்டாவது மூண்டு நிமிசம். உது திறம் பாத்துப் போட்டதோ, நீளம் பாத்துப் போட்டதோ?"

நான் பட்டியலைத் திருப்பி வாங்கப் பார்த்தேன். அடுப்படியில் நின்ற மனைவி விடவில்லை. "எங்கட கலியாணத்திலயும் சேர்ச்சில சுவாமி எப்ப பூசையை முடிப்பார் எண்டு மணிக்கூட்டைத்தானே பாத்துக்கொண்டு நிண்டவர்!"

மகள் பட்டியலின் அடிக்குப் போனாள். பத்தாவதாக ஸ்டேஷன் பாட்டு. ஏறக்குறைய ஐந்து நிமிடம்.

"கார் கழுவேக்க நீங்கள் பாடுறது இதெல்லோ?"

"அது... சும்மா."

"இதுக்குத்தான் ஆடுறம்."

எங்கள் பிக்கரிங் வீட்டுக் கராஜில் மூன்று சனிக்கிழமை பழக்கினாள். இடம், வலம், திரும்பு. அவ்வளவுதான். அதற்கே அவளின் காலை நான்கு முறை மிதித்தேன்.

கலியாண நாளில் எங்களை ஆடக் கூப்பிட்டபோது உள்ளங்கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு எழும்பினேன். வயலின் தொடங்கியது. நான் சப்பாத்தையே பார்த்தேன்.

"கீழ பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ."

பார்த்தேன். அந்தப் பாட்டை வானில் முதன்முதல் கேட்டபோது இவள் பிறக்கவே இல்லை. இப்போது வரிக்கு வரி என்னோடு சேர்ந்து பாடினாள். கார் கழுவும்போது கேட்டுக் கேட்டே பாடமாக்கியிருக்கிறாள்.

திடீரென்று பாட்டு நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஏன் பிள்ளை, பாதியில நிப்பாட்டிப்போட்டாங்கள்?"

"முழுசா முடிஞ்சுது அப்பா!" அவள் சிரித்த சிரிப்பில் தலைப்பூ கழன்று விழுந்தது.

ஆகவே, திருத்திய பட்டியலில் ஸ்டேஷன் பாட்டு முதலாவது. மழை லொறி இரண்டாவது. சேவல் பாட்டு பத்தாவது. பாவம், அதுவும் நல்ல பாட்டுத்தான்.

தை மாதம் 18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.