பெயரைத் தவிர எல்லாம் எழுதினேன்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. றெஜினா மிஸ்ஸின் பெறாமகள் பேசினார். "அன்ரி விடிய ஆறு மணிக்குப் போயிட்டா. உங்களுக்குக் கட்டாயம் அறிவிக்கவேணும் எண்டு முந்தியே சொல்லி வைச்சவா," என்றார். மீனை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். எத்தனையோ மரணச் செய்திகளை எழுதியவன் நான். இந்தச் செய்திக்கு முதல் வரியே வரவில்லை. அவரிடம் கேட்டிருக்கவேண்டிய மன்னிப்பு ஒன்று கேட்கப்படாமலே இருந்தது.

மிஸ் எங்கள் பத்திரிகையின் மொழிபெயர்ப்பு மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார். பியூனிலிருந்து ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவர் 'மிஸ்'தான். அரச அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் வரும். எய்ட், அசிஸ்டன்ஸ், சப்போர்ட், எது இருந்தாலும் 'உதவி' என்று போட்டுவிட்டு நாங்கள் தேநீர் குடிக்கப் போவோம். மிஸ் தாளைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்.

"எய்ட் லொறியில வாறது. சப்போர்ட் எண்டா ஒரு ஆள் பக்கத்தில நிக்கவேணும். அசிஸ்ட் எண்டா வேலை அவையின்ர, கை மட்டும் எங்கட. மூண்டையும் ஒரே சட்டிக்குள்ள போட்டால் எப்பிடி?"

ஒருநாள் வம்புக்கு, 'ஷோல்டர்' என்ற சொல்லை எந்தச் சட்டியில் போடுவீர்கள் என்று கேட்டேன். இன்னொருவரின் பாரத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொள்வதைச் சொல்லும் சொல் அது. அவர் சிரிக்கவில்லை. "அதை ஒரு கடிதத்திலயும் எழுத ஏலாது. கேட்டு வாறதில்லை அது," என்றார்.

ஓய்வுபெற்ற பின் சனிக்கிழமை காலைகளில் கொட்டாஞ்சேனையில் தம் வீட்டின் முன் அறையில் இருந்து ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். வைத்தியசாலைக்கு, தூதரகத்துக்கு, கம்பெனிகளுக்கு. வத்தளையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எழுதியதை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுவார். வந்தவர் ஓம் என்றால்தான் சுத்தப் பிரதி எழுதுவார். பிறகு முதலில் எழுதிய தாளை வந்தவரிடமே கொடுத்துக் கிழிக்கச் சொல்வார். "அவையின்ர கஷ்டம் என்ர மேசையில கிடக்கக் கூடாது."

இதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனேன். "நியூஸ்காரருக்கு வேற நியூஸ் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் பிளேன்ரீ ஊற்றித் தந்தார். நான் விடவில்லை. ஓர் உதாரணமாவது தாருங்கள் என்று வற்புறுத்தினேன். கடைசியில், வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவரது கணவருக்கு, குடும்பம் வெளியில் சொல்ல விரும்பாத ஒரு நோய். வேலையைக் குறைத்துக் கொடுக்கும்படி கம்பெனிக்கு எழுதவேண்டும். யாரோ எழுதிக் கொடுத்த கடிதத்தில் 'ரிலீவ்' என்று இருந்தது.

"அதைப் பார்த்தால் கம்பெனி ஆளையே வேலையால நிப்பாட்டிப் போடும். 'லைட்டன்' எண்டு மாத்தினனான். ஆள் வேலையில நிக்கவேணும், பாரம்தான் குறையவேணும்."

எனக்கு அது போதவில்லை. எந்த ஒழுங்கை, எத்தனையாம் மாடி என்றெல்லாம் கேட்டுக் கேட்டுக் குறித்தேன். இருபத்திரண்டு வருடம் கூட வேலை செய்தவன் என்று நம்பிச் சொன்னார். வாசலில் வைத்து, "பேர் போட்டிடாதேங்கோ," என்றார்.

போடவில்லை. பெயரைத் தவிர எல்லாவற்றையும் போட்டேன். ஒழுங்கை, மாடி, கணவரின் வேலை, நோய், பிள்ளைகளின் தொகை. விபரம் பிசகாமல் எழுதுபவன் என்று எனக்கொரு பெயர் இருந்தது; அதில் பெருமையும் இருந்தது. வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையும் மாடியும் தெரிந்தால் பெயர் எதற்கு? கட்டுரை ஞாயிறு காலை வந்தது; மத்தியானத்துக்குள் அயலவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அக்கறையாக விசாரிப்பவர்கள் ஒவ்வொருவராகப் படியேறினார்கள். இரண்டு மாதத்தில் அந்தக் குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

மிஸ் தொலைபேசியில் ஒரே ஒரு வரி சொன்னார். "பேர் போடேல்லைத்தான்."

ஆசிரியர் பீடத்தில் யாரோ விபரங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்றேன். அது பொய். அவர் அந்த நத்தாருக்கும் கேக் அனுப்பினார். நான்தான் கொட்டாஞ்சேனைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

செத்தவீட்டில் ஒரு பெண் என் பக்கத்துக் கதிரையில் வந்திருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. மிஸ்ஸை எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கிய இரண்டாவது வசனத்திலேயே அவர் யாரென்று எனக்கு விளங்கிவிட்டது.

"பேப்பரில வந்த உடன மிஸ் பஸ் ஏறி எங்கட வீட்டுக்கு வந்தவா. நிலத்தில இருந்து அழுதவா. 'பேப்பர்க்காரரில பிழை இல்லை பிள்ளை, நான்தான் எல்லாத்தையும் கொட்டினனான், எழுதச் சொன்னதும் நான்தான்' எண்டவா. நான் ஒரு வருசம் அவவோட கதைக்கேல்லை."

அந்த ஒரு வருடக் கோபம் எனக்குரியது. மிஸ் அதை வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் கேக் அனுப்பியிருக்கிறார்.

எழுதியது நான்தான் என்றேன். மிஸ் எழுதச் சொல்லவில்லை, பெயர் போடாதே என்றுதான் சொன்னார் என்றேன். அவர் மிஸ்ஸின் பெட்டிப் பக்கம் திரும்பினார். "ஒரு வருசம்," என்றார் மெல்ல. என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. கேட்கும் தகுதி எனக்கும் இருக்கவில்லை.

நேற்று இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அந்த வீடு எங்கே இருக்கிறதென்று இம்முறை எழுதமாட்டேன். வரிவரியாக வாசித்துக் காட்டினேன். மூன்று வரிகளை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். "மிச்சத்தைப் போடுங்கோ. மிஸ்ஸில பிழை இல்லை எண்டு எல்லாரும் அறியவேணும்," என்றார். அங்கேயே இருந்து சுத்தப் பிரதி எழுதினேன். முதல் தாள்களை நீட்டியபோது, என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான்காகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார். துண்டுகளைத் தன் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டார். இந்தப் பந்தியை இன்று காலை தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ஓம் என்றார்.

என் பாரத்தை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள், மிஸ்.