குழாய்க்குக் கீழே ஒரு பழுப்புக் கறை

சுதந்திரம் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அல்சூரில், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஒரு பங்களாவின் பின்பகுதியில் குடியிருந்தோம். அங்கே வெள்ளை எனாமல் குளியல் தொட்டி ஒன்று; குழாய்க்கு நேர் கீழே பழுப்புக் கறை.

ஒருநாள் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "மஞ்சள் பூசிக் குளிச்சே தொட்டியைப் பாழ் பண்ணிட்டீங்களே. உங்க மாதிரி ஆளுங்களுக்கு பங்களா எதுக்கு?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தொட்டியில் நாங்கள் இறங்கியதே இல்லை. பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துதான் குளிப்போம். அவர் போனதும் அந்த ஆத்திரத்தை வேலைக்கு வரும் முனியம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன்.

"நீ ஒழுங்காத் தேய்ச்சிருந்தா எனக்கு இந்தப் பேச்சு வருமா?"

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துச் சிவந்த கைகளை முந்தானையில் துடைத்தபடி அவள் சொன்னாள்: "தெனம் தேய்க்கறேம்மா. மறுபடி வந்துடுது. ஒரு வெள்ளக் கிண்ணத்த குழாய்க்கு அடியில வெச்சுப் பாருங்க."

வைத்தேன். நாலே நாளில் கிண்ணத்தின் அடியிலும் அதே பழுப்பு. குழாய்த் துரு, சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது.

கிண்ணத்தைக் கொண்டுபோய் வீட்டுக்காரம்மாவின் முன்னால் வைத்தேன். "சரி, குழாயை மாத்தச் சொல்றேன்" என்றார். பேசிய பேச்சுக்கு ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை. என்ன மனுஷி என்று பொருமிக்கொண்டே திரும்பினேன்.

முனியம்மா தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "குழாயை மாத்தறாங்களாம். இனிமே கறை வராது" என்றேன்.

நானும் அவளிடம் அவ்வளவுதான் சொன்னேன் என்பது எனக்கு உறைத்தபோது, அவள் எங்கள் வீட்டு வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.