மலையிறக்கத்தில் கேட்ட சத்தம்

திண்டுக்கல்லில் ஒரு கார் ஷோரூமின் பின்பக்கத்து ஒர்க்ஷாப்பில் நான் மெக்கானிக். ஒரு டீச்சர் அதே புகாரோடு மூன்றாவது முறையாக வந்து நின்றபோது, எங்களில் ஒருவருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவருக்கு மலைமேல் ஒரு பள்ளியில் வேலை. சனிக்கிழமைகளில் வத்தலக்குண்டு வழியாகத் தானே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு இறங்குவார். இறக்கத்து வளைவுகளில் முன்சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது என்பதுதான் அவருடைய புகார். முந்தைய இரண்டு தடவையும் பைபாஸில் ஓட்டிப் பார்த்து, லிஃப்டில் தூக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எங்கள் ஆட்கள் அனுப்பியிருந்தார்கள்.

"வீட்லயும் எனக்குக் காதுதான் சரியில்லைங்கிறாங்க தம்பி. எம்புட்டு நாளைக்கு இப்படிப் பயந்துக்கிட்டே ஓட்டுறது? ஒருதடவ எங்கூட மலைக்கு வந்து பாருங்க."

சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டு, "போயிட்டு வாப்பா. அப்பத்தான் அவங்க மனசு ஆறும்," என்றார். அவரும் நம்பவில்லை. நானும்தான்.

ஏறும்போது எந்தச் சத்தமும் இல்லை. அகலமான ஓர் இடத்தில் திருப்பி, இறக்கத்துக்கு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். முதல் வளைவு சும்மா போனது. அடுத்ததில் பிரேக்கை மிதித்ததும் 'டொக்' என்றது. காதுக்கு வருமுன் அது என் குதிகாலில் இடித்தது.

"கேட்டுச்சா?" என்றார் டீச்சர், மெல்ல.

வண்டி இடப்பக்கமாக, பள்ளத்தை ஒட்டிய கட்டைச்சுவரைப் பார்த்து இழுத்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி நெருங்கிக்கொண்டிருந்தது. பிரேக்கைத் தொட்டால் சத்தம், தொடாவிட்டால் வேகம். கியரை முதலுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். சுவரை உரசாத குறையாக வண்டி நின்றது. பஸ் எங்களைத் தாண்டிய வேகத்தில் கார் ஒரு ஆட்டம் ஆடியது.

டீச்சரை இறக்கி எதிர்ப்பக்கம் பாறையோரமாக நிற்கச் சொன்னேன். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, குப்புறப் படுத்து செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். இடப்பக்க முன்சக்கரத்தைக் கீழே பிடித்து நிறுத்தும் பால் ஜாயின்ட்டின் ரப்பர் கிழிந்து, உள்ளே இருக்க வேண்டிய உருண்டை பாதி வெளியே வந்திருந்தது. இன்னும் ஒரு குழியில் இறங்கியிருந்தால் சக்கரம் மடங்கியிருக்கும்.

எழுந்து போய்ச் சொன்னேன். கேட்டதும் அவர் அழவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, "அப்ப எனக்குக் கிறுக்குப் பிடிக்கல," என்றார்.

எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. போன சனிக்கிழமை இதே வளைவில் அவர் தனியாக இறங்கியிருக்கிறார். மீட்பு வண்டி வரும்வரை பனிமூட்டமாக மஞ்சு இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே ஹாரன் கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் பாறையோடு ஒட்டிக்கொண்டோம்.

ஒர்க்ஷாப்பில் இரண்டு பக்கத்து ஜாயின்ட்டையும் மாற்றிவிட முடிவு செய்தோம். இடப்பக்கத்துக்குச் சாமான் ஸ்டோரிலேயே இருந்தது. வலப்பக்கத்துக்கு மதுரையிலிருந்து வந்து சேர்ந்தது. நானே மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிவிட்டு, போய்த் திரும்பி வந்து மறுபடி முறுக்கிப் பார்த்தேன்.

மலையில் ஓட்டிப் பார்க்காமல் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்றார் சூப்பர்வைசர். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. டீச்சர் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். அந்த வளைவு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. அடுத்த வளைவிலும் அப்படியே. ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்க நின்றோம். என் கையில் கிளாஸ் ஆடி, டீ விரலில் சிந்தியது. டீச்சர் பார்த்துவிட்டார்.

"சாவியக் குடுங்க தம்பி. நான் ஓட்டுறேன்."

மறுக்காமல் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். அவர் நிதானமாக ஓட்டினார். திண்டுக்கல் ரோடு சமமாகத்தான் கிடந்தது. செம்பட்டி தாண்டும்வரை என் வலதுகால் மட்டும், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.