லானின் காதில் விழுந்த ஓம்

நான் வீட்டாரோடு தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் லான் என்னை இரக்கத்தோடு பார்ப்பாள். லான் வியட்நாம்காரி, ஹனோய்ப் பக்கம். நான் ஊரைவிட்டு வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் ஒரு பேக்கரியில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாண் பொதி செய்கிறோம். ஒருநாள் இஞ்சித் தேநீர் கொண்டுவந்து என் கையில் திணித்து, "ஓம், ஓம், எவ்ரிடே. யூ சிக்?" என்றாள். நோயில் கிடப்பதை அவர்கள் 'ஓம்' என்பார்களாம், குரலைச் சற்று மேலே தூக்கி. நாங்கள் ஆமென்று சம்மதத்துக்குச் சொல்வது அவளுக்கு நோய் வருத்தம்! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

அதன்பிறகு எனக்கு அந்தச் சொற்களில் ஓர் ஆசை. களைத்தால் 'மேத்', பலமில்லாவிட்டால் 'இயெவ்'. சைகோன்காரர் மெலிந்த ஆளைத்தான் 'ஓம்' என்பார்களாம். எங்களுக்கோ காய்ச்சலுக்கும் 'ஏலாது', களைப்புக்கும் 'ஏலாது', விருப்பமில்லாவிட்டாலும் 'ஏலாது'. யாழ்ப்பாணத்தில் தனியே இருக்கும் என் அக்கா அந்த ஒரு சொல்லையும் சொல்லமாட்டாள். சொன்னால் நான் ஓடிவந்துவிடுவேன் என்ற பயம். "வரட்டோ அக்கா?" என்றால், "உனக்கென்ன விசரே? பிள்ளையளைப் பார்" என்று ஏசுவாள். நானும் வருகிற வருசம், வருகிற வருசம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவள் ஏசுவது எனக்கும் வசதியாக இருந்தது.

போன மாசம் காலை இடைவேளையில் அக்காவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"சாப்பிட்டியளோ அக்கா?"

"ஓம்."

"மருந்து எடுத்தனீங்களோ?"

"ஓம்."

பக்கத்தில் இருந்த லானின் முகம் மாறியது. "யுவர் சிஸ்டர் ஓம்" என்றாள்.

"ஐயோ, நோ நோ! அது எங்கட யெஸ்" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "இயெவ்" என்றாள். குரலில் பலமில்லையாம். 'ஓம்' என்று கேட்டதுமே எனக்கு நிம்மதி வந்துவிடும். அந்தக் குரல் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. அறுந்த மூச்சில் அல்லவா வந்துகொண்டிருந்தது!

"அக்கா, நான் வரட்டோ?" என்று கேட்டேன். ஏசுங்கோ அக்கா, ஒருக்கா ஏசுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் ஏசவில்லை.

"ஓம்" என்றாள்.

லான் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கு அது அவளுடைய மொழியில் கேட்டது. எனக்கு என்னுடைய மொழியில் கேட்டது. இரண்டிலும் அது சரியாகவே இருந்தது.